கன்வேயர் ஓரத்தில் சிந்தும் கல்தூள்: ரப்பரை இறுக்கினால் நிற்குமா?

கேள்வி: ஆரல்வாய்மொழி அருகே ஒரு கல் கிரஷரில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கல்லைச் சுமந்து ஓடும் பெல்ட்டான கன்வேயரில் கல் விழும் இடத்தில் இருபுறமும் தூளும் சிறுஜல்லியும் சிந்துகின்றன. பழைய பெல்ட்டை நறுக்கி ஓரத்தடுப்பாகப் போட்டு, முடிந்தமட்டும் இறுக்கியும் பயனில்லை. ஆடி மாதக் காற்றில் தூள் முழுவதும் பறக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், தோவாளை வட்டம்

பதில்: முதல் வேலையாக அந்தப் பழைய பெல்ட் துண்டுகளைக் கழற்றிவிடுங்கள். அவற்றின் உள்ளே துணி அடுக்குகளும், மேற்பரப்பில் ஓடிய காலத்தில் புதைந்த கல்துகள்களும் இருப்பதால், இறுக்க இறுக்க அவை உப்புத்தாளைப் போல ஓடும் பெல்ட்டைத் தேய்த்து நீளவாக்கில் பள்ளம் பறித்துவிடும். பிறகு அந்தப் பள்ளத்தின் வழியாகவே தூள் ஒழுகும். துணியில்லாததும், பெல்ட்டின் மேல்ரப்பரைவிட மென்மையானதுமான, ஓரத்தடுப்புக்கென்றே வரும் ஸ்கர்ட் ரப்பரையே வாங்குங்கள். அது பெல்ட்டைத் தொட்டு நின்றால் போதும், அழுத்த வேண்டியதில்லை. தேய வேண்டியது அதுதான், விலை கூடிய பெல்ட் அல்ல.

ஆயினும், சிந்துவதற்கான மூலகாரணம் பெரும்பாலும் பெல்ட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பாரம் ஏறிய பெல்ட்டைத் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள்: ரோலர் இருக்கும் இடத்தில் ரப்பரைத் தொடும் பெல்ட், இரண்டு ரோலர்களுக்கு நடுவே தொய்ந்து இடைவெளி விடும். அந்த இடைவெளியில் நுழையும் சிறுகல், அடுத்த ரோலரில் பெல்ட் மேலேறும்போது ரப்பருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கி இரண்டையும் அறுக்கும். எவ்வளவு நல்ல ரப்பரும் இந்தத் தொய்வை ஈடுகட்டாது. ஆகவே, கல் விழும் பகுதியில் மட்டுமாவது ரோலர்களை நெருக்கி அமையுங்கள்; செலவுக்கு வழியிருந்தால், அடியில் ரப்பரும் மேலே வழுவழுப்பான பிளாஸ்டிக்கும் கொண்ட, கல் விழும் அடியைத் தாங்கும் இம்பேக்ட் பார்களை (தாங்குகட்டைகளை) பெல்ட்டுக்கு அடியில் பொருத்துவது இன்னும் நல்லது.

கல்லின் நெருக்குதலைத் தாங்க வேண்டியது ரப்பருக்கு உள்பக்கமாக நிற்கும் இரும்புத் தகடு. ரப்பரின் வேலை தூளை மறிப்பது மட்டுமே. தகட்டின் கீழ்விளிம்புக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளி, பெல்ட் ஓடும் திசையில் சிறிது சிறிதாக விரிய வேண்டும்; அப்போதுதான் சிக்கிய கல் தானே விடுபடும். இருபுறத் தகடுகளுக்கு இடையிலான அகலம் பெல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 600 மி.மீ. பெல்ட்டுக்குச் சுமார் 400 மி.மீ., இருக்கலாம். கல் விழும் இடத்தைத் தாண்டி, பெல்ட் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்காவது தடுப்பு தொடரட்டும்; தூள் அடங்க இன்னும் நீளம் வேண்டியிருக்கும்.

ஒருபுறம் மட்டும் சிந்தினால், கல் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பும் பெல்ட்டின் கீழே நெடுகத் தூள் கிடந்தால், அது பெல்ட்டில் ஒட்டிய தூளைச் சுரண்டும் ஸ்கிரேப்பரின் குறை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பறக்கும் கல்தூளில் உள்ள சிலிக்கா, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோயைத் தரக்கூடியது. எனவே தடுப்போடு நிற்காமல், கல் விழும் இடத்தில் நீரும் தெளிக்கச் செய்யுங்கள். பெல்ட் ஓடும்போது அடியில் கிடக்கும் தூளைக் கூட்டவோ ரப்பரைத் தொடவோ எவரையும் விடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.