தஞ்சாவூரிலிருந்து சைக்கிளோடு ரயிலேறலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், வயது 46. நண்பர்கள் இருவரோடு திண்டிவனம், பண்ருட்டி, கங்கைகொண்ட சோழபுரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை நான்கு நாட்களில் சைக்கிளில் போகத் திட்டம். திரும்புவது ரயிலில். சைக்கிளுக்கு ஆர்.சி. போல ஏதோ காகிதம் வேண்டும், ஏஜென்ட் மூலம் பேக்கிங் செய்துதான் அனுப்ப முடியும், ஒன்றுக்கு 1,800 ரூபாய் ஆகும் என்று ஒருவர் சொல்கிறார். 38,000 ரூபாய்க்கு வாங்கிய சைக்கிள். பத்திரமாக என்னோடு வந்து சேருமா?

பதில்: முதலில் அந்த ஒருவரின் போன் நம்பரை அழித்துவிடுங்கள். மிதிவண்டிக்கு ஆர்.சி. கிடையாது, அது மோட்டார் சைக்கிளுக்கு. பெட்ரோல் டேங்கைக் காலி செய்ய வேண்டும் என்று கூட அடுத்து சொல்வார். கடை பில்லின் நகலும் ஆதார் நகலும் கையில் இருந்தால் போதும்.

ரயிலில் சைக்கிள் போக இரண்டு வழிகள் உண்டு. பயண டிக்கெட்டைக் காட்டி 'லக்கேஜ்' என்று பதிவு செய்தால், நீங்கள் போகும் அதே வண்டியின் பிரேக் வேனில் (கார்டும் சரக்கும் ஏறும் பெட்டி) அது வரும். டிக்கெட் இல்லாமல் 'பார்சல்' என்று பதிவு செய்தால், எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில், என்றைக்கு இடம் இருக்கிறதோ அன்றைக்கு வரும். நீங்கள் கேட்க வேண்டியது லக்கேஜ். பார்சல் ஆபீஸ் வாசலில் நிற்கும் நபர் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு போடுவது பெரும்பாலும் பார்சல். அவருக்கு அதுதான் வசதி, நாலு சைக்கிளைச் சேர்த்து ஒரே தடவையில் தள்ளிவிடலாம்.

பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு சந்திப்பு நிலையத்தில் நல்ல வெயில், கால் கடுக்க நிற்கிறேன். 'சார், நீங்கள் போய் டிபன் சாப்பிடுங்கள்' என்றார் ஒருவர். சாப்பிட்டேன். சைக்கிள் நான்காம் நாள் சென்னைக்கு வந்தது, பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் கொக்கி உள்பக்கமாக வளைந்து. கோணிப்பை சுற்றியதற்கு 900 ரூபாய் வாங்கியிருந்தார். கோணிக்குள் ஓர் அட்டைத் துண்டு கூட இல்லை.

பேக்கிங்கை நீங்களே செய்யுங்கள். தஞ்சாவூரில் எந்த மளிகைக் கடையிலும் பழைய அட்டைப் பெட்டியும் சணலும் கிடைக்கும். பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் செயினை ஏற்றி நிறுத்துங்கள். டீரெய்லர் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். அதன்மேல் அட்டையை மடித்துக் கட்டுங்கள். பெடல்களைக் கழற்றிவிடுங்கள். இடப் பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும் என்பதை மறந்து முறுக்கி மரையைச் சிதைத்தவர்கள் மாதம் ஒருவராவது என் கடைக்கு வருகிறார்கள். பெயர், போன் நம்பர், புறப்படும் ஊர், சேரும் ஊர், பி.என்.ஆர். எண் ஆகியவற்றைத் துணியில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். காகிதத்தில் ஒட்டினால் கிழிந்துவிடும்.

'ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ இலவசம்' என்று கவுன்ட்டரில் வாதாட வேண்டாம். அந்தச் சலுகை சைக்கிளுக்கு இல்லை, தனிக் கட்டணம்தான். ஆனால் அது ஏஜென்ட் சொன்ன தொகைக்குப் பக்கத்தில் கூட வராது. ரசீது வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பத்திரம் பற்றிக் கேட்டீர்கள். மதிப்பைச் சொல்லாமல் பதிவு செய்தால், தொலைந்துபோன லக்கேஜுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். உங்கள் சைக்கிள் 13 கிலோ என்றால் 1,300 ரூபாய். 38,000 என்று படிவத்தில் எழுதி, அதற்கான சதவீதக் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். இதைக் கவுன்ட்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் நம் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. இத்தனை காலத்தில், சைக்கிள் கொண்டுவருபவன் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை எழுதி மாட்ட நேரம் கிடைக்கவில்லை. புரோக்கர்கள் பிழைப்பதே இதில்தான்.

இனி ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். களைத்துப் போய்க் கும்பகோணத்திலேயே ரயிலேறிவிடலாம் என்று உங்களில் ஒருவர் சொல்வார். தாராசுரம் கோயிலைப் பார்த்த பிறகு அங்கேயே உட்கார்ந்துவிடத்தான் தோன்றும். கூடாது. இடையில் நிற்கும் நிலையத்தில் வண்டி இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். ஐந்து நிமிடமாவது நிற்காத வண்டியில் ஏற்ற மாட்டோம் என்பார்கள். ஏற்றச் சம்மதித்தாலும் பிரேக் வேன் முன்கோடியிலோ பின்கோடியிலோ இருக்கும். நீங்கள் ஒரு கோடியில், சைக்கிள் மறுகோடியில் என்றால் முடிந்தது கதை. போதாக்குறைக்குப் பிரேக் வேனின் சில அறைகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். அவர்கள் மூட்டை நிரம்பியிருந்தால் கார்டு கை விரிப்பார். (அவர் பதவிக்கு 2022-லிருந்து 'ரயில் மேலாளர்' என்று பெயர், விரிக்கும் கை அதேதான்.) தஞ்சாவூரிலேயே புறப்படும் உழவன் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டியைப் பிடித்தால் இந்தத் தொல்லை இல்லை, நிதானமாக ஏற்றலாம். அரை மணி நேரம் முன்னால் போதும் என்பது விதி. நான் இரண்டு மணி நேரம் முன்னால் போகிறேன். ஏற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் என் பெட்டிக்குப் போவேன்.

வந்தே பாரத்தில் பிரேக் வேனே இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம். எழும்பூரில் கட்டுமான வேலை நடக்கும்போது சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துவதுண்டு. டிக்கெட் எடுக்கும்போதே எதுவரை வருகிறது என்று பாருங்கள்.

இறங்கியதும் நேராகப் பிரேக் வேனுக்குப் போங்கள். பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சைக்கிளை அங்கேயே விட்டுப்போனால் காத்திருப்புக் கட்டணம் ஏறும். எழும்பூர் என்றால் தண்டையார்பேட்டைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்குள் ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடலாம். 15-ம் நம்பர் ஸ்பேனரை மட்டும் கைப்பையிலேயே வைத்திருங்கள், பெடல் மாட்ட வேண்டுமே.