கடைசிச் சொட்டு நீர்: தூய எத்தனால் குறித்த கேள்வி பதில்

கல்லூரி மாணவி ஒருவர்: எத்தனாலை எத்தனை முறை வடித்தாலும் முழுத் தூய்மை வருவதில்லையே, ஏன்?

எடையில் 95.6 விழுக்காடு எத்தனாலும் மீதி நீருமாக உள்ள கலவை 78.2 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. தூய எத்தனாலுக்கோ 78.4 டிகிரி வேண்டும். கலவை முந்திக்கொண்டு கொதிப்பதோடு, அதிலிருந்து எழும் ஆவியிலும் அதே விகிதத்தில் நீர் இருப்பதால், வடிகலத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. இதையே கொதிநிலை மாறாக் கலவை என்கிறோம். கடைசி நீரை வெப்பத்தால் மட்டும் விரட்ட முடியாது. அதற்கு வேறொரு துணை வேண்டும்.

பள்ளி ஆசிரியர்: அந்தத் துணை பென்சீன் என்று படித்தோம். இன்றும் அதுதானா?

1902இல் சிட்னி யங் காட்டிய வழி அது. பென்சீன், எத்தனால், நீர் மூன்றும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 65 டிகிரியிலேயே கொதித்து நீரை முதலில் வெளியேற்றிவிடும். ஆனால் பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. அதன் எச்சம் எத்தனாலில் தங்கவும் கூடும். அதனால் இன்று மூலக்கூறு சல்லடையையே நான் பரிந்துரைப்பேன். 3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) துளைகள் கொண்ட இந்த மணிகளுக்குள் நீர் மூலக்கூறு நுழைந்துவிடும், அதைவிடப் பெரிய எத்தனால் வெளியே நின்றுவிடும். புதிதாக உலர்த்திய மணிகளின் மேல் நீர் கலந்த எத்தனாலை ஊற்றிக் குடுவையைத் தொட்டுப் பாருங்கள். நீரைப் பற்றும்போது வெளிப்படும் வெப்பம் கையில் தெரியும்.

மற்றொரு மாணவர்: கால்சியம் குளோரைடு போதாதா?

கூடாது. அது எத்தனாலுடனேயே சேர்ந்து சேர்மமாகிவிடும். சுட்ட சுண்ணாம்பு பொருந்தும்.

ஆய்வக உதவியாளர்: திறந்த புட்டியில் நீர் புகுந்ததை எப்படி அறிவது?

தனி ஆல்கஹால், அதாவது நீர் நீக்கிய எத்தனால், காற்றின் ஈரத்தை விடாமல் உறிஞ்சுவதால், மூடியைத் தளர்வாக விடுவதே பெரும் தவறு. நீரற்ற வெண்ணிறத் தாமிர சல்பேட்டை ஒரு சிட்டிகை போட்டு, அது நீலமாகிறதா என்று பார்க்கலாம். நிறம் மாறாததாலேயே நீர் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மிக நுண்ணிய அளவுக்கு, அயோடினும் சல்ஃபர் டை ஆக்சைடும் நீருடன் வினைபுரிவதை வைத்துக் கார்ல் ஃபிஷர் 1935இல் வகுத்த தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) முறையே நம்பத்தக்கது.

செவிலியர்: கிருமி நீக்கத்திற்கு நூறு விழுக்காடு எத்தனால் இன்னும் சிறந்ததல்லவா?

இல்லை. கிருமியின் புரதம் சிதைய நீரும் வேண்டும் என்பதால் 70 விழுக்காட்டுக் கரைசலே சிறப்பாக வேலை செய்கிறது. அதைத் தயாரிக்கும்போது 70 மில்லிலிட்டர் தனி ஆல்கஹாலுடன் 30 மில்லிலிட்டர் நீரை அளந்து ஊற்றாதீர்கள். இரண்டும் கலக்கையில் மூலக்கூறுகள் நெருங்கிப் பருமன் சுருங்குகிறது. ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்தால் 96 அல்லது 97 மில்லிலிட்டர்தான் கிடைக்கும். மெண்டலீவ் தமது 1865ஆம் ஆண்டு முனைவர் ஆய்வை ஆல்கஹால், நீர்க் கலவைக்கே ஒதுக்கினார் என்றால் இதன் ஆழம் புரியும். ஆகவே அளவுக் குடுவையில் ஆல்கஹாலை எடுத்துக்கொண்டு, நீர் சேர்த்துக் கலக்கி, ஆறவிட்டு, அதன் பிறகே 100 மில்லிலிட்டர் கோடு வரை நிரப்புங்கள்.