பென்சில்வேனியாவும் எங்க முக்கு லைட்டும் (கடிதம்)

அன்புள்ள அண்ணே,

கருங்கல் பக்கத்துல இருந்து எழுதுறேன். 2024 நவம்பர் 6, அமெரிக்கா ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்க மாமா கடையே திறக்கல. காலைல இருந்து மொபைல்ல அந்த செவப்பு நீல மேப்பை வச்சுக்கிட்டு திண்ணையில ஒரே இருப்பு. மத்தியானம் பென்சில்வேனியா மாநிலம் ட்ரம்புக்குப் போச்சுன்னதும் "முடிஞ்சுதுலே"ன்னு சாப்பிடப் போனாரு. நான் சும்மா இருக்காம, நம்ம வார்டு கவுன்சிலர் பேரு என்ன மாமான்னு கேட்டேன். "அந்த பெயின்ட்கடைக்காரன் மச்சினன்லா?"ன்னாரு. பேரு தெரியல, 2022ல ஓட்டு போட்டவரு. கேட்டா, "ட்ரம்ப் வரி போட்டா எறாலுக்கு வெல கெடைக்காது, கவுன்சிலரு என்னத்த செய்வான்"ங்காரு. இது ஏன்ணே இப்படி? ஜனங்களுக்கு வெவரம் இல்லையா, இல்ல டிவிக்காரன் பண்ற வேலையா?

உங்க வாசகன்

அன்புள்ள தம்பி,

மாமாவ ரொம்ப வையாதீங்க, நானும் அந்தக் கூட்டத்து ஆளுதான். அன்னைக்கு வெள்ளனே அஞ்சரைக்கு எழும்பி பல்லு தேய்க்காம மேப்பைத் திறந்தவன் நான். அங்க மாநிலத்துக்கு இத்தனை ஓட்டுன்னு ஒரு கணக்கு, மொத்தம் 538, அதுல 270 எடுத்தா ஜெயம், பென்சில்வேனியாவுக்கு 19, மிச்சிகனுக்கு 15, விஸ்கான்சினுக்கு 10, எல்லாம் தலைகீழா சொல்லுவேன். எங்க ஊராட்சி ஒன்றியத்துல எத்தனை வார்டுன்னு கேட்டா முழிப்பேன். இத்தனைக்கும் எங்க ஒன்றிய ஆபீஸ் வீட்டுல இருந்து ஒரு சாயா குடிக்கிற தூரந்தான்.

ஆனா வெவரம் இல்லன்னு நீங்க சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். நம்மாளு பக்கத்துத் தேர்தலுக்கு ஓட்டு போடாதவன் கெடயாது. 2019 டிசம்பர்ல ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தப்போ அது நடந்த 27 மாவட்டத்துலயும் சேத்து நூத்துக்கு எழுபத்தஞ்சு பேருக்கு மேல போட்டாங்க. எங்க பள்ளிக்கூடத்துல க்யூ ரோடு வரைக்கும் நின்னுது. ஆளுக்கு நாலு சீட்டு, மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு பிங்க், ஒன்றியத்துக்கு பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எனக்கு முன்னால நின்ன கெழவி நாலையும் வெத்தல மடக்குற மாதிரி ஒண்ணா மடக்கி பொட்டிக்குள்ள திணிக்கப் பாத்துது, ஆபீசரு பதறிப் போய் தனித்தனியா போட வச்சாரு. இந்த அக்கறை சிட்டியில இல்ல, 2022ல சென்னை மாநகராட்சிக்கு பாதிப்பேரு கூட போகல. அமெரிக்காவுல கதை இன்னும் மோசம். 2020ல ஜனாதிபதித் தேர்தலுக்கு மூணுல ரெண்டு பேரு போட்டாங்க, நடுவுல ஜனாதிபதி இல்லாம வர்ற தேர்தல் ஒண்ணு உண்டு, 2014ல அதுக்கு நாப்பது சதவீதம் கூட தேறல. 2021ல நியூயார்க் மேயர் தேர்தலுக்கு பதிவு பண்ணி வச்சவங்கள்ல நாலுல ஒரு ஆளு கூட எட்டிப் பாக்கல. குப்பை அள்ளுறதும் போலீசும் அந்த மேயர் கைலதான் இருக்கு, ஆனா அவங்களுக்கும் வெள்ளை மாளிகைதான் படம்.

அப்போ நம்ம விசயம் வேற. நாம பக்கத்துக்கு ஓட்டு போடுவோம், ஆனா வாய் திறக்க மாட்டோம். பேச்சு முழுக்க தூரத்துக்குத்தான். ஏன்னு ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன், எனக்குத் தோணுறது இதுதான்: பக்கத்துல பேசுனா காசு செலவாகும். ரூவா காசு இல்ல, மனுசக் காசு.

2019ல எங்க வார்டுல மூணு பேரு நின்னாங்க. ஒருத்தன் சித்தப்பா மவன், ஒண்ணு எங்க வீட்டு வயரிங் பாக்கிற பையனோட வீட்டுக்காரி (பொம்பளைங்களுக்கு பாதி எடம்னு சட்டம் வந்த பொறவும் நோட்டீஸ்ல அவ படத்தை விட அவன் படந்தான் பெருசு, அது தனிக்கதை), இன்னொருத்தர் எனக்கு ஒண்ணாங்கிளாஸ் எடுத்த வாத்தியாரு மருமவன். ஊராட்சி மெம்பருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கெடயாது பாத்தீங்களா, ஆட்டோ, பூட்டு சாவின்னுதான் குடுப்பாங்க, அதனால கட்சி மேல பழியைப் போட்டுட்டு தப்பிக்கவும் வழி இல்ல. நான் சாயாக்கடையில ரசவடையைக் கடிச்சுக்கிட்டே "வாத்தியாரு மருமவன் கொள்ளாம்"னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொன்னேன் தம்பி. வடை எறங்குறதுக்கு முன்ன அது சித்தப்பா வீட்டுக்குப் போயாச்சு. அடுத்த வருசம் அவங்க வீட்டு அடியந்திரத்துக்கு (விசேசத்துக்கு) எனக்கு சொல்லல. வயரிங் பையன் ஃபேன் ரிப்பேருக்கு நாலு மாசம் "நாளைக்கு வாறேன்"னான். இதே கடையில இதே பெஞ்சுல ட்ரம்பை நான் எவ்வளவு கிழிச்சிருப்பேன்! அவரு எங்க வீட்டு அடியந்திரத்துக்கு வரப்போறதும் இல்ல, கூப்பிடலன்னு கோவிக்கப் போறதும் இல்ல.

அதுபோக அந்த ஆட்டத்துல ருசி ஜாஸ்தி. ரெண்டே ஆளு, ஸ்கோரு ஓடிக்கிட்டே இருக்கும், கிரிக்கெட்டு மாதிரி. 2000ல ஃபுளோரிடாவுல வெறும் 537 ஓட்டுல புஷ் ஜெயிச்சது எங்க கடையில எல்லாருக்கும் தெரியும், நம்ம பக்கத்து ஊராட்சியில தலைவர் எத்தனை ஓட்டு வித்தியாசத்துல வந்தாருன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். கமலா ஹாரிஸுக்கு தாத்தா ஊரு திருவாரூர் மாவட்டத்துல துளசேந்திரபுரம்னு ஆன பொறவு கேக்கணுமா, ஃப்ளெக்சு, அர்ச்சனைன்னு அது சொந்தக்காரப் பொண்ணு நிக்கிற தேர்தலாவே ஆயிட்டுது. டிவிக்காரன்னு சொன்னீங்களே, அவன் பங்கு இவ்வளவுதான், விஸ்கான்சின்ல ஒரு கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) எத்தனை ஓட்டு எண்ணியாச்சுன்னு மொபைல் வந்து சொல்லுது, ஒன்றியக் கூட்டத்துல நேத்து என்ன தீர்மானம் போட்டாங்கன்னு சொல்ல ஒரு நாதியும் இல்ல.

இப்போ ஒரு தேதி சொல்லுதேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாருங்க. 2025 ஜனவரி 6. அன்னைக்குத்தான் அமெரிக்கப் பார்லிமென்ட்ல மாநில ஓட்டுகளை எண்ணி அறிவிச்சாங்க, துணை ஜனாதிபதிங்கிற முறையில கமலாவே மேடையில நின்னு தன் தோல்வியை வாசிச்சாங்க. நம்ம ஊருக்கு அது நடுராத்திரி, மறுநாள் காலைல கடையில அந்த வீடியோ ஓடுச்சு, "பெரிய மனசுதான்"னு ஆளாளுக்கு உச்சு கொட்டுனாங்க. அதுக்கு முந்தின நாள், ஜனவரி 5ஆம் தேதியோட, எங்க ஊராட்சித் தலைவரு, மெம்பரு, ஒன்றியம், மாவட்டம் எல்லாருக்கும் அஞ்சு வருசம் முடிஞ்சு போச்சு. புதுசா தேர்தல் இல்ல, தனி அலுவலர் கைக்குப் போயாச்சு. உங்க பேரூராட்சிக்கு 2022ல தனியா நடந்ததால நீங்க தப்பிச்சீங்க. எங்க கடையில இதப்பத்தி ஒருத்தனும் பேசல. நானும் பேசல, வீடியோ பாத்தேன்.

எனக்கு அது ஒறைச்சது ரெண்டு மாசம் கழிச்சு, எங்க முக்குல இருக்கிற லைட்டு எரியாம போனப்போ. வழக்கம் போல மெம்பருக்கு (அவரு வாத்தியாரு மருமவன் இல்ல, சித்தப்பா மவன்தான் ஜெயிச்சான்) போனு போட்டேன். அடியந்திரத்துக்கு சொல்லாதவன்தான், ஆனா லைட்டுன்னா பைக்கை எடுத்துக்கிட்டு வந்துருவான், அதைச் சொல்லணும். "அண்ணே, நான் இப்ப மெம்பர் இல்லல்லா"ன்னான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. பொறவு அவனே "ஆபீஸ்ல எழுதிக் குடுங்க"ன்னான். எழுதிக் குடுத்தேன், எந்த மேசையில இருக்கோ.

லைட்டு சின்ன விசயம்னு வையுங்க. ஓக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 29, 30ல. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை ஐகோர்ட்டு ரத்து பண்ணி, அதுக்கப்புறம் மூணு வருசம் தேர்தலே இல்லாம ஓடுச்சு, அந்த மூணு வருசத்துக்கு நடுவுலதான் ஓக்கி. கடல்ல போனவங்க திரும்பல, ஊருக்கு ஒரு தலைவன் இல்ல, வார்டுக்கு ஒரு மெம்பர் இல்ல. யாரு வந்தாச்சு, யாரு வரலன்னு கணக்கை பங்குத்தந்தைமாரும் ஊர்க்காரங்களுமா நோட்டுல எழுதி எடுத்தாங்க. அந்த சமயத்துல நான் சாயாக்கடையில என்ன பேசிக்கிட்டு இருந்தேன்னு யோசிச்சா, ட்ரம்பு போட்ட ட்வீட்டு.

உங்க மாமா எறால் பத்தி சொன்னது பொய்யில்ல. 2025 ஆகஸ்ட் 27ல நம்ம சரக்குக்கு அம்பது சதவீதம் வரின்னு போட்டப்போ எறாலுக்கும் முந்திரிக்கும் அடி விழத்தான் செஞ்சுது, அவரு முன்கூட்டியே சொன்னதுக்கு ஒரு சாயா வாங்கிக் குடுங்க. ஆனா பென்சில்வேனியாவுல அவருக்கு ஓட்டு இல்ல. அது மழை வருமா வராதான்னு பேசுற மாதிரி பேச்சு, குடை எடுக்கலாம், வேற ஒண்ணும் செய்ய முடியாது. பெயின்ட்கடைக்காரன் மச்சினனை நாளைக்கு காலைல ஓடை அடைச்சுக் கெடக்குன்னு கைய புடிச்சு கூட்டிட்டு வரலாம், அதுக்கு பேரு தெரியணும், அம்புட்டுதான்.

இந்தப் புத்தி எல்லாம் வந்த வேகத்துல 2025 ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனேன், லைட்டைக் கேட்டே ஆகணும்னு. அம்பது பேரு இருந்திருப்பாங்க, முக்கால்வாசி நூறு நாள் வேலைப் பொம்பளைங்க. செயலர் தீர்மானங்களை வரிசையா வாசிச்சுக்கிட்டு இருந்தாரு, கையெழுத்து நோட்டு சுத்தி வந்துது. பக்கத்துல இருந்தவரு என்னை முழங்கையால இடிச்சு, "நியூயார்க்குல ஒரு சின்னப் பய மேயருக்கு நிக்கியானாமே, நம்ம ஆளாமே, வருவானா?"ன்னாரு. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மம்தானின்னு பேரு, அம்மா மீரா நாயர், சினிமா டைரக்டர், கட்சிக்குள்ள நடந்த தேர்தல்ல ஜூன்ல ஜெயிச்சாச்சு, நவம்பர்ல மெயின் தேர்தல்னு மெல்ல ஆரம்பிச்சவன் கவுன்டிங் முறை வரைக்கும் போயிட்டேன். முன்னால இருந்த ஒரு அக்கா திரும்பி மொறைச்சாங்க. நான் நிமிந்து பாத்தப்போ செயலர் தெருவிளக்கு தீர்மானத்தைத் தாண்டி குடிதண்ணிக்குப் போயிருந்தாரு.

அன்புடன்