சைக்ளோன் என்ற ஆங்கிலச் சொல்லின் ஸ்பெல்லிங், அர்த்தம் என்ன? அது பழைய கிரேக்கச் சொல்லா?

முதலில் ஸ்பெல்லிங்கை முடித்துவிடுகிறேன். சி, ஒய், சி, எல், ஓ, என், இ. பலர் நடுவில் வரும் சி-யை விழுங்கிவிடுவார்கள், சிலர் ஒய்க்குப் பதில் ஐ போடுவார்கள். சைக்கிள் என்று எழுதத் தெரிந்தால் போதும், முதல் நான்கு எழுத்தும் அதேதான். கிரேக்கத்தில் வட்டத்துக்கு குக்ளோஸ் என்பார்கள். அந்த மொழியின் உப்சிலான் எழுத்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது ஒய் ஆகிவிடும், கே-யும் சி ஆகிவிடும். பழைய ஆபீஸ்களில் மை நாற்றத்தோடு ஓடிய சைக்ளோஸ்டைல், லைப்ரரியில் தூசி படிந்து நிற்கும் என்சைக்ளோபீடியா, எல்லாம் ஒரே குடும்பம்.

ஆனால் நீங்கள் "பழைய கிரேக்கச் சொல்லா" என்று கேட்டிருப்பதைப் பார்த்தால் யாரோ உங்களிடம் இதை வைத்து மேதாவித்தனம் காட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது, அதனால்தான் ராத்திரி தூக்கத்தை விட்டு டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பாரிமுனையில், லிங்கிச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குகளைக் கஸ்டம்ஸில் முடித்து வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தவன். எங்களுக்குப் புயல் என்றால் டிவி செய்தி இல்லை, வேலை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் ஏறிக்கொண்டே போனால் பெர்த்தில் கட்டியிருக்கும் கப்பல்களை அவிழ்த்து வெளிக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லாவிட்டால் சுவரில் இடித்து இடித்தே உடைந்துவிடும். கேட்டை மூடுவார்கள். சரக்கு எங்கே என்று ஊர் ஊராக போன் வரும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது ராயபுரத்துத் தம்பி ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். அப்பாவுக்கு விசைப்படகில் வேலை. பன்னிரண்டாம் தேதி நாங்கள் சிலர் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டோம். ஷட்டர் மத்தளம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு காற்று சட்டென்று நின்றது. எங்கள் மேனேஜர் பையை எடுத்துக்கொண்டு, "சரி, முடிஞ்சுது, கிளம்பலாம்" என்றார். தம்பி கதவை மறித்துக்கொண்டு, "சார், இப்ப போகாதீங்க, புயலோட நடுவுல நிக்கிறோம், அடுத்தது தெற்கால இருந்து அடிக்கும்" என்றான். அவர் முறைத்தார், ஆனால் உட்கார்ந்தார். அப்படியேதான் ஆனது. அதுவரை தெற்குப் பக்கம் பறந்துகொண்டிருந்த தகரமும் போர்டும் திரும்பி வடக்கே பறந்தன.

இரண்டு நாள் கழித்து கரண்ட் வந்ததும் சரக்கு வரவேண்டிய கன்சைனிகளுக்கெல்லாம் ஒரு மெயில் போக வேண்டியிருந்தது. தம்பிதான் அடித்தான். சைக்ளோனால் துறைமுகம் மூடப்பட்டது என்பதற்குப் பதில் சிலோனால் மூடப்பட்டது என்று போய்விட்டது. கம்ப்யூட்டரே திருத்திவிட்டதா, இவனே அடித்தானா தெரியாது. வடக்கே ஒரு பார்ட்டி எல்லோருக்கும் தெரியும்படி, "இலங்கை ஏன் சென்னைத் துறைமுகத்தை மூடுகிறது?" என்று பதில் போட்டார். அது சிரிப்புதான், நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்து எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்து, ரெண்டாயிரம் வருஷத்துக் கிரேக்க வார்த்தை, ஹோமர் காலத்து வார்த்தை, இதைக்கூட எழுதத் தெரியாதவனெல்லாம் ஷிப்பிங்குக்கு ஏன் வருகிறான் என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாள் முன்பு இவன் சொல்லித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

சார், இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: ஹோமருக்கு இந்தச் சொல்லே தெரியாது. இது 1840களில் கல்கத்தாவில் உருவாக்கிய சொல். உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன், முன்பு கப்பல் கேப்டனாக இருந்தவர். கல்கத்தாவில் தங்கி, வங்காள விரிகுடாவில் புயலில் சிக்கித் தப்பி வந்த கப்பல்களின் லாக் புத்தகங்களைச் சேகரித்து, எந்த மணிக்கு எந்தத் திசைக் காற்று என்று வரிவரியாகப் படித்தார். 1839-ல் காக்கிநாடா பக்கம் கோரிங்காவை அழித்த புயல், 1841 மே மாதத்து மெட்ராஸ் புயல் எல்லாம் அவர் கட்டுரைகளில் உண்டு. 1845-ல் மொரிஷியஸ் பக்கம் சார்லஸ் ஹெடில் என்ற கப்பல் புயலில் மாட்டி நாட்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்த கதையையும் அலசினார். காற்று நேராக அடிக்கவில்லை, சுழல்கிறது என்று அமெரிக்காவில் ரெட்ஃபீல்டும் பிரிட்டிஷ்காரர் ரீடும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் அதற்கு ஒரு பெயர் இல்லை. 1848-ல் வந்த தன் மாலுமிகள் கையேட்டில் பிடிங்டன் இந்தச் சொல்லை வைத்தார். பாம்பு சுருண்டு கிடப்பதையும் குக்ளோஸ் என்ற அந்தக் கிரேக்கச் சொல் குறிக்கும், காற்று கச்சிதமான வட்டம் போடுகிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். ஆக வேர் கிரேக்கம், சொல் கல்கத்தா.

அந்தப் புத்தகத்தோடு வட்டங்களும் காற்று அம்புகளும் வரைந்த ஒளி ஊடுருவும் தகடுகளும் வந்தன. கடல் வரைபடத்தின்மேல் தகட்டை வைத்து, இப்போது அடிக்கும் காற்றின் அம்பு உங்கள் கப்பல் இருக்கும் இடத்தில் வரும்வரை நகர்த்தினால், தகட்டின் நடுப்புள்ளிதான் புயலின் மையம். எங்கே ஓடக்கூடாது என்று தெரிந்துவிடும். ராயபுரத்துத் தம்பி தகடு இல்லாமலே அதைச் சொன்னான், அவ்வளவுதான். வங்காளத்தில் மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டாதீர்கள், கடல் உள்ளே வந்துவிடும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கே பிடிங்டன் கடிதம் எழுதினார். கேட்கவில்லை, போர்ட் கேனிங்கைக் கட்டினார்கள். 1867 புயலில் போனது. அவர் 1858-லேயே இறந்துவிட்டார்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னால் நமக்குப் புயலே தெரியாதா" என்று கமெண்டில் வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, கேட்டது ஆங்கிலச் சொல்லைப் பற்றி.

அர்த்தம்: விஞ்ஞானிகள் பேச்சில் குறைந்த காற்றழுத்தத்தைச் சுற்றிச் சுழலும் எந்தக் காற்றமைப்பும் சைக்ளோன்தான், ஐரோப்பாவின் குளிர்காலப் புயலும் சேர்த்தி. நம் வானிலை மையக் கணக்கில் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அந்தப் பட்டம், அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அட்லாண்டிக்கில் ஹரிகேன், சீனா, ஜப்பான் பக்கம் டைஃபூன், எல்லாம் இதே ஜாதி.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். துறைமுகமே மூடியிருந்த நாட்களுக்கும் சேர்த்து ஒரு ஷிப்பிங் லைன் எங்களிடம் கன்டெய்னர் டிடென்ஷன், அதாவது பெட்டியைத் திருப்பித் தர லேட்டானதற்கான கட்டணம், கேட்டது. அவர்கள் கப்பல் லேட்டானால் அது இயற்கைச் சீற்றம், நாங்கள் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க லேட்டானால் அது எங்கள் சோம்பேறித்தனம். கேட் மூடியிருந்த சர்க்குலரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்க்காமலே, "மெயில் போடுங்க சார்" என்றார். போட்டோம், ஸ்பெல்லிங் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு பைசா குறைக்கவில்லை.