‘எனிபடி டிட் நாட் கம்’னு சொன்னா ஏன் சிரிக்கிறாங்க?

வேலூர்ல ஆஸ்பத்திரி பக்கம் ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன் பாக்குற தங்கச்சி கேட்டிருக்காங்க: “கல்கத்தா, அஸ்ஸாம்னு எங்கெங்க இருந்தோ பேஷண்ட்டோட வந்து தங்குறாங்க, எனக்கு இந்தி வராது, இங்கிலீஷ்லயே சமாளிச்சுகினு இருக்கேன். சம்படி, எனிபடி, நோபடி எதை எங்க போடுறதுன்னே குழம்புது. ‘எனிபடி டிட் நாட் கம்’னு சொன்னா சிரிக்கிறாங்க, ஏன்?”

இங்க பாரும்மா, ‘யாரும் வரல’ன்னு நாம சொல்றப்ப அந்த ‘இல்ல’ கடைசியிலதான் வரும், இங்கிலீஷ்ல அதை முன்னாடியே சொல்லிடணும், அதனால எனிபடியை முதல்ல வச்சுட்டு பின்னாடி நாட் போட முடியாது. ‘நோபடி கேம்’, அவ்ளோதான். நாட் முதல்லயே வந்துடுச்சுன்னா எனிபடி தாராளமா போடலாம்: ‘ஐ டிட் நாட் சீ எனிபடி’. அங்கயும் நோபடி போட்டா ரெண்டு ‘இல்ல’ ஆயிடும்.

கேள்வின்னா பெரும்பாலும் எனிபடி. ‘இஸ் எனிபடி இன் தி ரூம்?’ ஆனா யாராவதுன்னு வந்தாலே எனிபடின்னு மனப்பாடம் பண்ணிடாதீங்க, அப்படி சொல்லிக் குடுக்குறதே எனக்குப் புடிக்காது. பாத்ரூம்ல குழாய் ஒழுகுது, கெஸ்ட் போன் பண்ணி யாராவது ஒருத்தரை அனுப்புங்கன்னு கேக்குறார்னு வைங்க, அது ‘ப்ளீஸ் சென்ட் சம்படி’. ‘சென்ட் எனிபடி’ன்னா யாரா இருந்தாலும் பரவால்ல, ஸ்பேனரே புடிக்கத் தெரியாத வாட்ச்மேன் வந்தாலும் ஓகேன்னு ஆயிடும். குடிக்க ஏதாவது வேணுமான்னு நீங்க கேக்குறதும் கேள்விதான், ஆனா குடுக்குற மனசோட கேக்குறீங்க இல்ல, அதுக்கு ‘வுட் யூ லைக் சம்திங் டு ட்ரிங்க்?’தான் எடுப்பா இருக்கும்.

எவ்ரிபடி கொஞ்சம் வில்லங்கம். கும்பலே கெளம்பிப் போயிருந்தாலும் ‘எவ்ரிபடி ஹேஸ் செக்ட் அவுட்’தான், ஹேவ் கெடையாது. ஆனா அதே வாக்கியத்துல பின்னாடி ‘தேர்’ வரலாம், ‘எவ்ரிபடி ஹேஸ் பெய்ட் தேர் பில்’, ஹிஸ் ஆர் ஹெர்னு இழுக்க வேணாம். சம்படி, நோபடிக்கும் இதே கணக்கு.

சம்ஒன்னும் சம்படியும் ஒண்ணுதான், மெயில்ல எழுதறப்ப சம்ஒன் கொஞ்சம் டீசன்ட்டா தெரியும். நோ ஒன் மட்டும் ரெண்டு வார்த்தையா பிரிச்சு எழுதுங்க, நோபடி சேர்த்தே.