ஏழாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள்

வணக்கம் ஐயா,

நாங்கள் கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. போன வருடம் பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஐந்தாம் வகுப்புக் கணக்கை நாலே மாதத்தில் முடித்தாள். ஆறும் முடிந்து இப்போது ஏழு. ஆனால் பத்து நாளாக ‘போரடிக்குது’ என்று புத்தகத்தை மூடிவிடுகிறாள். வாயால் கேட்டால் டக்கென்று விடை வருகிறது, எழுதச் சொன்னால் அழுகை. அபாகஸில் சேர், டேப்லெட்டில் ஆப் போடு, ஒலிம்பியாட் கைடு வாங்கு என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். மழை வந்தால் இங்கே நெட் போய்விடும். என்ன வாங்கலாம்?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முதல் மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். ஏழாம் வகுப்புப் புத்தகத்தையும் மூடி வையுங்கள். பாடப்புத்தகம் சராசரி வேகத்தில் போகிற பிள்ளைக்காக எழுதப்பட்டது. ஒரு விஷயத்தைச் சொல்லி, அதே மாதிரி இருபது கணக்கு கொடுக்கும். உங்கள் மகளுக்கு மூன்றாவது கணக்கிலேயே விஷயம் பிடிபட்டுவிடுகிறது, மிச்சம் பதினேழும் வெறும் கூலிவேலை. ஏழு போய் எட்டு வந்தாலும் அந்தப் பதினேழு கூடவே வரும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். எந்தப் பாடத்தை எடுத்தாலும் பயிற்சியின் கடைசியில் இருக்கும் கடினமான ஐந்து கணக்கை முதலில் கொடுங்கள். நான்கு சரியாக வந்து, ஏன் அப்படி என்று அவளால் சொல்லவும் முடிந்தால் அந்தப் பாடம் முடிந்தது. மூன்றோ அதற்குக் கீழேயோ வந்தால் எங்கே இடறினாள் என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் நடத்துங்கள். ஐந்து, ஆறு இரண்டையும் இப்படி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகமாகப் படித்த பிள்ளைகளிடம் பெரும்பாலும் பின்னத்திலும் விகிதத்திலும்தான் ஓட்டை இருக்கும். விடை சரியாக வரும், காரணம் கேட்டால் ‘அப்படித்தான் போடணும்’ என்பார்கள்.

மிச்சமாகும் நேரத்துக்குத்தான் துணைப்பொருள். அது மேலே ஏற்றுவதாக இல்லாமல் அதே இடத்தில் ஆழமாகத் தோண்டுவதாக இருக்க வேண்டும். காரணிகள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 36-இன் காரணிகளை எழுது என்பது பாடப்புத்தகக் கேள்வி, அவளுக்கு அரை நிமிடம். ‘1 முதல் 100 வரை எந்தெந்த எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்?’ என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவாள். 12-க்கு ஆறு, 15-க்கு நான்கு, 16-க்கு ஐந்து. எங்கோ ஓரிடத்தில் காரணிகள் ஜோடி ஜோடியாக வருவது கண்ணில் படும். 36-க்கு 1-36, 2-18, 3-12, 4-9, அப்புறம் 6-க்கு ஜோடி 6-ஏதான். அந்தத் தனி ஆறுதான் எண்ணிக்கையை ஒன்பதாக்குகிறது. ஆகவே 1, 4, 9 என்று 100 வரை உள்ள பத்து வர்க்க எண்கள். அடுத்து, நூறுக்குள் அதிகக் காரணிகள் உள்ள எண் எது என்று கேளுங்கள். 60 என்று வந்து நிற்பாள், பன்னிரண்டு காரணிகள். 72, 84, 90, 96-க்கும் அதே பன்னிரண்டுதான் என்று கண்டுபிடிக்க இன்னொரு நாள் ஆகும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் இருப்பதுதான் இதில் சிரமம்.

இந்த மாதிரிக் கேள்விகள் எங்கே கிடைக்கும்? முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி ஆறாம் வகுப்புக்கு 2024-இல் வெளியிட்ட கணிதப் புத்தகம், வடிவொழுங்குகளில் தொடங்கி யோசிக்கவைக்கும் கேள்விகளாகவே போகிறது. மூன்றின் மடங்குக்கு ‘இட்லி’, ஐந்தின் மடங்குக்கு ‘வடை’, இரண்டுக்கும் பொதுவென்றால் ‘இட்லி-வடை’ என்று சொல்லும் விளையாட்டும் அதில் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து ‘எக்ஸெம்ப்ளர்’ என்ற தனிக் கணக்குத் தொகுப்பும் இருக்கிறது. சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் (ஏஎம்டிஐ) நடத்தும் திறனறிப் போட்டியில் 5, 6 வகுப்புகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. போட்டிக்கு அனுப்பாவிட்டாலும் அதன் பழைய வினாத்தாள்கள் கடையில் விற்கும் எந்த ஒலிம்பியாட் கைடையும்விட மேல். கைடுகளில் பாதி, பாடப்புத்தகக் கணக்கையே நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. அறிவியலுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ சிறுவர் இதழ் போதும். தமிழ் வாசிப்பும் அதிலேயே நடந்துவிடும்.

நெட் இருக்கும் நாளில் பிடிஎஃப்களை இறக்கி, வேண்டிய பாடத்தை மட்டும் பிரிண்ட் எடுங்கள். லேசர் பிரிண்டா என்று கேட்டு எடுங்கள். இன்க்ஜெட் மை உங்கள் ஊர் ஈரத்தில் பரவிவிடும்.

காசு கொடுத்து வாங்கும் புத்தகத்துக்கு ஒரு சோதனை உண்டு. முதல் பாடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எப்போதும் பழசைத் திருப்புவதாகவே இருக்கும். நடுவிலிருந்து பத்துக் கணக்கு கொடுங்கள். கால் மணி நேரத்தில் பத்தும் சரி என்றால் வாங்க வேண்டாம். தலையைச் சொறிந்து ஆறோ ஏழோ போட்டால் அதுதான் அவளுக்கான புத்தகம். மூன்றுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். ஒரு சமயத்தில் ஒரு துணைப்புத்தகம் போதும். ஆறாயிரத்தையும் ஒரே மூச்சில் செலவழிக்காதீர்கள், மூவாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மார்கழியில் அவள் ஆர்வம் எந்தப் பக்கம் சாயும் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

கருவி என்றால் 110 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் ஆய்வக தெர்மாமீட்டர் ஒன்று, பத்து மடங்கு காட்டும் கை லென்ஸ் ஒன்று. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டுவிடப் போகிறாள், முதலிலேயே சொல்லி வையுங்கள். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஆகவே தண்ணீர் 94-ஐ ஒட்டிக் கொதிக்க வேண்டும். முதலில் கணக்குப் போட்டு எழுதட்டும், பிறகு நீங்கள் பக்கத்தில் இருக்க அளக்கட்டும். தெர்மாமீட்டரின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், பெரும்பாலும் தப்பு அங்கேதான் நடக்கும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அங்கேயும் ஒருமுறை அளக்கட்டும்.

ஊட்டி பக்கம் போனால் முத்தொரை ரேடியோ தொலைநோக்கியைக் காட்டுங்கள். 1970-இல் அமைத்தது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் சுமார் 11 பாகை வடக்குத் தெற்குச் சரிவில் வைத்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஊரின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. அதன் பரவளைய (பாரபோலா) வளைவை வீட்டிலேயே வரவழைக்கலாம். ஒரு தாளின் கீழ் விளிம்புக்கு நான்கு சென்டிமீட்டர் மேலே புள்ளி வைத்து, விளிம்பு அந்தப் புள்ளியைத் தொடும்படி இருபத்தைந்து இடங்களில் மடித்து மடித்துப் பிரியுங்கள். பத்து மடிப்போடு நிறுத்தினால் வளைவு தெரியாது.

எழுதும்போது அழுவது சோம்பல் இல்லை. தலை பன்னிரண்டு வயதில் ஓடுகிறது, விரல் ஒன்பதில்தான் இருக்கிறது. நாளுக்கு ஒரே ஒரு கணக்கை மட்டும் கட்டம் போட்ட நோட்டில் முழுதாக எழுதட்டும். மற்றதை அவள் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவள் சொல்லாத படியை நீங்களாக நிரப்பிவிடாதீர்கள்.

அபாகஸ் கூட்டல் பெருக்கலை வேகப்படுத்தும். அவளுக்கு வேகம் ஏற்கெனவே இருக்கிறது. புள்ளியும் நட்சத்திரமும் கொடுக்கும் ஆப்பில் நட்சத்திரம் சேர்ப்பதே வேலையாகிவிடும், அதுவும் உங்கள் ஊர் நெட்டில்!

அவசரமும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் (என்ஐஓஎஸ்) பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும். இப்போதே எட்டையும் ஒன்பதையும் முடித்து வைத்தால் நடுவில் ஐந்து வருடம் என்ன செய்வீர்கள்?

லென்ஸை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கண்ணாடியிலேயே பூஞ்சை படரும். புத்தக அலமாரியும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.