சைக்கிள் கேள்வி–பதில்: பிடிக்காத ஷிஃப்டர், இலவச ஷிஃப்டர்

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஷிமானோ கம்பெனியின் ஏழு ஸ்பீடு ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் கருவி) ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். அங்கே ஆள்காட்டி விரல் லிவரைத் தட்டிப் பார்த்தபோது டிக் டிக்கென்று இறங்கியது. வீட்டுக்கு வந்து மாட்டினால், கட்டைவிரல் லிவர் எதையுமே பிடிக்காமல் சும்மா போய்த் திரும்புகிறது. தெருமுனைக் கடைக்காரர், "உள்ளே பல்லு போச்சு, தூக்கிப் போடு" என்கிறார். சரிதானா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: போடாதீர்கள். பல் போன ஷிஃப்டர் அபூர்வம், கிரீஸ் காய்ந்த ஷிஃப்டர்தான் ஊரெல்லாம் கிடக்கிறது. சந்தையில் இறங்கியதே என்கிறீர்கள், அது யாரோ கேபிளை இழுத்த நிலையிலேயே விட்டுவைத்த ஷிஃப்டராக இருக்கும். ஆள்காட்டி விரல் லிவர் கேபிளை விடுவிக்க மட்டும் செய்யும், அதனால் கடைசிவரை இறங்கிவிட்டது. இழுத்து ஏற்ற வேண்டியது கட்டைவிரல் லிவர். அதைச் சந்தையிலேயே அழுத்திப் பார்த்திருந்தால் 250-ஐ 100 ஆக்கியிருக்கலாம், போகட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். கேபிளைச் சுற்றிக்கொள்ளும் ஒரு சின்ன சக்கரம், அதன் பல்லில் மாட்டித் தள்ளும் ஒரு கொக்கி, அந்தக் கொக்கியைப் பல்லோடு ஒட்டவைக்கும் மெல்லிய ஸ்பிரிங். கம்பெனியில் பூசிய கிரீஸ் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் மெழுகு மாதிரி இறுகிவிடும், அதை மீறிக் கொக்கியைத் தள்ள அந்த ஸ்பிரிங்குக்குத் தெம்பு கிடையாது, லிவர் மட்டும் காற்றில் போய் வரும்.

முதலில், பின்னால் செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள், பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீ போதும். கேபிளைக் கையால் இழுத்து விட்டுப் பாருங்கள். டீரெய்லர் தடங்கலில்லாமல் போய் வந்தால் அதில் குற்றமில்லை. அப்புறம் கேபிளை ஷிஃப்டர் வழியாக முழுக்க உருவிவிடுங்கள். அந்த ஓட்டை வழியாகவும் லிவர் இடுக்கிலும் டபிள்யூடி-40 மாதிரி ஒன்றைத் தாராளமாக அடித்து, இரண்டு லிவரையும் விடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். பழுப்பாக வழியும், கீழே பழைய துணி போடுங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். முதல் தடவையிலேயே பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம், சில ஷிஃப்டருக்கு ஒரு ராத்திரி ஊறல் வேண்டும், சிலது நம் மே மாத மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் வைத்தாலே இளகிவிடும். மூடியைக் கழற்றி உள்ளே அடித்தால் இன்னும் நல்லது, ஆனால் நடு நட்டை மட்டும் தொடாதீர்கள், ஸ்பிரிங் தெறித்து வெளியே வந்தால் திரும்ப உட்காரவைப்பது பெரும்பாடு.

பிடிக்க ஆரம்பித்ததும் கேபிளை மாட்டி, அதன் நுனியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். ஏழு ஸ்பீடுக்கு ஆறு கிளிக் வர வேண்டும். வந்தால் ஷிஃப்டர் பிழைத்தது. சுத்தம் செய்த ஸ்பிரே ஆவியாகிவிடும், அதையே எண்ணெய் என்று நம்பி விடக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பழைய கதைதான். இத்தனைக்கும் பிறகு ஆறு கிளிக் வராமல் ஒரே இடத்தில் வழுக்கினால், கடைக்காரர் சொன்னது சரி.

இன்னொன்று. கேபிளும் அதன் மேலுறையான அவுட்டரும் புதுசாகப் போடுங்கள். அவுட்டர் வாங்கும்போது கியர் அவுட்டர் என்று கேட்டு வாங்குங்கள், பல கடைகளில் கைக்கு அகப்பட்ட பிரேக் அவுட்டரை வெட்டி மாட்டிவிடுவார்கள். பிரேக் அவுட்டர் 5 மி.மீ. தடிமன், உள்ளே கம்பி சுருளாக ஓடும். வளைவில் நீளம் மாறி, கியர் ஒவ்வொரு கிளிக்கிலும் கொஞ்சம் தவறும். கியர் அவுட்டர் 4 மி.மீ., கம்பிகள் நீளவாக்கில் இருக்கும். கியர் உட்காரவில்லை என்று வருகிற புகாரில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

கேள்வி: என் வண்டி ஏழு ஸ்பீடு. நண்பர் எட்டு ஸ்பீடு ஷிஃப்டரைச் சும்மா தருகிறார். மாட்டலாமா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: இரண்டும் ஷிமானோ என்றால் மாட்டலாம். ஏழு ஸ்பீடில் பல்சக்கரங்களுக்கு இடையே 5 மி.மீ., எட்டு ஸ்பீடில் 4.8. ஆறு இடைவெளிக்கும் சேர்த்து 1.2 மி.மீ. வித்தியாசம்தான். நடுச் சக்கரத்தில் செயின் சரியாக உட்காரும்படி கேபிளை வைத்தால் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் சலசலக்கும், அவ்வளவே. மிச்சமாகும் ஒரு கிளிக்கை மறந்துவிடுங்கள். ஒன்பது ஸ்பீடு என்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனியின் ஷிஃப்டரும் பொதுவாக ஷிமானோ டீரெய்லரோடு ஒத்துப்போகாது, ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிள் அளவே வேறு.

கேள்வி: பழைய பின் டீரெய்லர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?
— வாசகர், திருவான்மியூர்

பதில்: செயின் ஓடும் இரண்டு குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். அந்தக் குட்டிச் சக்கரங்கள் தேய்ந்து கூராகியிருந்தால் பரவாயில்லை, அவை தனியாகக் கிடைக்கும், விலையில் மட்டும் குறையுங்கள். ஃபிரேமில் மாட்டும் போல்ட்டின் மரையை வெளிச்சத்தில் பாருங்கள், அது போனால் எல்லாம் போனது. நீங்கள் கடற்கரைப் பக்கம் என்பதால், செயின் ஓரம் தாண்டாமல் எல்லை வைக்கும், எச், எல் என்று போட்ட இரண்டு சின்ன ஸ்க்ரூவும் சுற்றுகிறதா என்று அங்கேயே ஸ்க்ரூ டிரைவரால் சோதித்துவிடுங்கள், உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிப்போன ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுவது வீண். வாங்கி மாட்டியும் கியர் மக்கர் பண்ணினால் உடனே டீரெய்லரைத் திட்டாதீர்கள், வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்: குட்டிச் சக்கரங்கள் பின் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் இல்லாமல் உள்பக்கம் சாய்ந்திருந்தால், வளைந்திருப்பது அதைத் தாங்கும் ஹேங்கர். இரும்பு ஹேங்கர் என்றால் நல்ல மெக்கானிக் நிமிர்த்தித் தருவார். அலுமினியம் என்றால் ஒரு தடவை மெதுவாக நிமிர்த்திப் பார்க்கலாம், மறுபடி வளைந்தால் உடைந்துவிடும், மாற்ற வேண்டியதுதான். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும் என்பதால் கடைக்குப் பழைய ஹேங்கரைக் கையோடு கொண்டுபோங்கள்.